பத்து அங்குல வெளிச்சம்

இடுப்பளவு கேட்டால் உண்மை சொன்ன மனிதரை டெய்லரம்மா இந்த இருபத்தைந்து வருஷத்தில் பார்த்ததில்லை. முப்பத்தாறு இருப்பவர் முப்பத்திரண்டு என்பார். கேட்டால், போன மாதம்தான் அளந்தேன் என்று சத்தியம் வேறு செய்வார். டெய்லரம்மா மறுத்து ஒரு வார்த்தை பேச மாட்டாள். காதில் கேட்டதை நோட்டில் எழுதிக்கொள்வாள், கண்ணில் பட்டதைத் தைத்துக் கொடுப்பாள். போட்டுப் பார்த்தவர் "பாத்தீங்களா, கச்சிதமா இருக்கு" என்று பெருமையோடு போவார். யாருக்கும் மனக்கஷ்டமில்லை.

இந்த நல்ல பழக்கம்தான் ஒரு முழுக் கடலையும் இரண்டாயிரம் மீட்டர் கீழே தள்ளிவிட்டது.

விஷயம் இதுதான். டெய்லரம்மாவின் நாத்தனார் கடல் அருங்காட்சியகத்தில் ஆய்வாளர். சின்ன வயதிலிருந்தே மீன் பைத்தியம் என்பதால் அவளுடைய அண்ணன், அதாவது டெய்லரம்மாவின் வீட்டுக்காரர், இன்றைக்கும் அவளை "சுறா" என்றுதான் கூப்பிடுவார். வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் பெரிய காரியம் ஒன்றை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். அருங்காட்சியகத்தின் படிக்கட்டு நான்கு மாடிக்குச் சுற்றிச் சுற்றி இறங்குகிறது. அதன் நடுவே கூரையிலிருந்து தரைவரை ஒரு வெற்றிடம். அந்த வெற்றிடத்தில் ஒரே துணியாகக் கடலைத் தொங்கவிட வேண்டும், மேலே அலை, கீழே கடலின் ஆழமான பள்ளம், எந்த உயிர் எந்த ஆழத்தில் இருக்கிறதோ அந்த இடத்திலேயே அதைத் தைக்க வேண்டும் என்பது அவள் யோசனை. இருபது மீட்டர் கடலுக்கு ஓர் அங்குலத் துணி. பதினோராயிரம் மீட்டருக்கு ஐந்நூற்றைம்பது அங்குலம்.

அருங்காட்சியகக் காப்பாளருக்கு இது பிடிக்கவில்லை. அவர் அளந்து பேசுகிற மனிதர், சட்டைப் பையில் எப்போதும் ஒரு டேப் இருக்கும். "பிரிண்ட் அடிச்சு மாட்டினா ரெண்டு நாள்ல வேலை முடிஞ்சிடும். அளவும் பிசகாது" என்றார்.

"பிரிண்டைத் தொட்டா பிளாஸ்டிக்தான் சார் கையில படும். துணின்னா படியில நின்னு மீனைத் தொட்டுப் பாக்கலாம். எங்க அண்ணி தைப்பாங்க."

"அளவு தப்பினா?"

"தப்பினா என்னைக் கேளுங்க சார்."

காப்பாளர் அதை அப்படியே பிடித்துக்கொண்டார். வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அவரே டேப் வைத்துப் பார்ப்பாராம். ஓர் அங்குலம் தவறினாலும் பிரிண்ட்தானாம். அதற்குப் பிறகு இந்தப் பெண்ணின் யோசனை எதையும் அந்த அலுவலகத்தில் யாரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள் என்பதை அவர் சொல்லவில்லை, சொல்லவும் தேவையில்லை.

டெய்லரம்மாவுக்கு இது தெரியும். தெரிந்ததால்தான் அவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தைத்தாள். பள்ளிச் சீருடையும் தலையணை உறையுமாகத் தைத்துத் தேய்ந்த கைக்கு இப்படி ஒரு வேலை கிடைத்ததில் தலைகால் புரியவில்லை என்பதும் உண்மைதான். நாத்தனார் கொடுத்த தாளில் அடுக்கடுக்காக அளவு இருந்தது. வெளிச்சம் இருக்கிற அடுக்கு, 10. மங்கல் அடுக்கு, 40. இருட்டு அடுக்கு, 150. அதற்கும் கீழே அடியாழம், 100. கடைசியாகப் பள்ளம், 250.

அந்தப் பத்தைப் பார்த்ததும் டெய்லரம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. ஆமை, டால்பின், சூரை, மத்தி, திருக்கை, பறக்கும் மீன், ஜெல்லி மீன் என்று அதற்கு நேரே ஏழெட்டுப் பெயர். இத்தனையும் பத்து அங்குலத்திலா? கைக்குழந்தைச் சட்டைக்கே அதைவிடக் கூடுதலாகத் துணி வேண்டும். பாவம், பெண் அவசரத்தில் ஒரு ஒன்றை விட்டுவிட்டாள், அது நூற்றுப்பத்தாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு கட்டினாள். நூற்றுப்பத்து என்றால் மொத்த நீளம் நூறு அங்குலம் கூடிவிடுமே? அதற்கும் வழி இருந்தது. பள்ளத்தில் ஒரு நத்தை மீன், அதற்கும் கீழே வெறும் இறால் பூச்சிகள். அவற்றுக்கு எதற்கு அத்தனை கறுப்புத் துணி? நூறு அங்குலத்தை அங்கே குறைத்துவிட்டாள். நாத்தனாரிடம் கேட்கவில்லை. முப்பத்திரண்டு என்று சொன்னவரிடம் எப்படிக் கேட்க மாட்டாளோ, அப்படியே இதையும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தைத்து முடித்தாள். நாற்பத்தைந்து அடிக்கு மேல் நீளமான துணியை விரிக்க வீட்டில் இடம் ஏது? வீட்டுக்காரர் பஸ் டிரைவர். டிப்போவின் சாப்பாட்டுக் கூடத்தில் பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளி, தரையைக் கழுவித் துடைத்து இடம் பிடித்துக் கொடுத்தார். ஞாயிறு என்பதால் ஆட்கள் குறைவு. இருந்த நான்கைந்து டிரைவர்களும் டீ கிளாஸோடு வந்து சுற்றி நின்று, செருப்பைக் கழற்றிவிட்டு, ஓரமாகவே நடந்து பார்த்தார்கள். அந்த மரியாதை டெய்லரம்மாவுக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

நாத்தனார் வந்தாள். அலையிலிருந்து ஆரம்பித்தாள். நீலத்தில் முங்கி எழுந்த ஆமையின் ஓட்டில் ஒவ்வொரு கட்டமும் தனித் துணி. திருக்கையின் செட்டைக்கு அடியில் மெல்லிய பஞ்சு வைத்திருந்ததால் அது மூச்சு விடுவதுபோல் லேசாக மேடிட்டிருந்தது. நாத்தனார் மண்டியிட்டு அதைத் தடவினாள். கண் கலங்கிவிட்டது.

"அண்ணி, இதெல்லாம் எப்ப கத்துக்கிட்டீங்க?"

"உன் அண்ணன் சட்டைக்கு ஒட்டுப் போட்டுப் போட்டே கத்துக்கிட்டேன்."

டிரைவர்கள் சிரித்தார்கள். நாத்தனாரும் சிரித்துக்கொண்டே எழுந்து நடந்தாள். நடக்க நடக்கச் சிரிப்பு குறைந்தது. நீலம் முடிகிற இடத்தில் நின்றாள். திரும்பி அலையைப் பார்த்தாள். மறுபடி காலடியைப் பார்த்தாள்.

"அண்ணி, வெளிச்சம் எங்க முடியுது?"

"இங்கதான். நீ நிக்கிற இடத்துல."

நாத்தனாரின் முகத்தில் ஈயாடவில்லை.

டெய்லரம்மா காரணத்தைச் சொன்னாள். சொல்லும்போதே தன் குரல் தனக்கே நன்றாகப் படவில்லை. "பத்து அங்குலத்துல இத்தனையும் எப்படி அடங்கும்? கடல்னா முக்காவாசி அங்கதானே? நீ எழுதுறப்ப ஒரு ஒண்ணை விட்டுட்டேன்னு நெனச்சேன்."

"விடல அண்ணி. பத்துதான்." நாத்தனார் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. தரையில் உட்கார்ந்துவிட்டாள். "இப்ப எல்லாமே நூறு அங்குலம் கீழ போயிருச்சு. ஆயிரத்து ஐந்நூறு மீட்டர்ல இருக்க வேண்டிய தூண்டில் மீன் மூவாயிரத்து ஐந்நூறுல தொங்குது. வியாழக்கிழமை அவர் டேப்பை வச்ச உடனே முடிஞ்சுது."

டெய்லரம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தன் பெயர் கெட்டால் சீருடை தைத்துக்கொண்டு இருந்துவிடலாம். இந்தப் பெண் தன்னை நம்பி அல்லவா அத்தனை பேர் நடுவில் வாக்குக் கொடுத்தாள்? உனக்கு ஏன் இந்த அதிகப்பிரசங்கித்தனம் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். ஆனாலும் மனசு அந்தப் பத்தை ஒத்துக்கொள்ளவில்லை.

"கோவிச்சுக்காதே. பத்து அங்குலம்தான்னா, மிச்சமெல்லாம் என்ன?"

நாத்தனார் அவளை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு எழுந்து, பெஞ்சுகளுக்கு முன்னால் துணி இல்லாத வெறுந்தரைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். தையல் சாக்கட்டியை வாங்கி ஒரு கோடு போட்டாள். அதுதான் கடல்மட்டம். கோட்டில் கட்டைவிரலை வைத்துக் கையை விரித்தாள். ஒரு சாண், அதற்கு மேல் ஒரு விரற்கடை. அங்கே இன்னொரு கோடு.

"இருநூறு மீட்டர். ஆமை, டால்பின், சூரை, நாம வலை வீசிப் பிடிக்கிறது, பேர் வச்சுக் கூப்பிடுறது, படத்துல பாக்குறது, பெரும்பாலும் இந்த ஒரு சாணுக்குள்ளதான் அண்ணி. வெயிலை வச்சு வளர்ற பாசியும் இதுக்குள்ளதான். அதைத் தின்னுற மீனும், அந்த மீனைத் தின்னுற மீனும் இங்கயே சுத்துது. வாங்க, கீழ போவோம்."

ஒன்றரை எட்டு வைத்ததும் நாற்பது அங்குலம் தீர்ந்தது. "இது மங்கல். சாயங்காலம் விளக்குப் போடுறதுக்கு முன்னாடி வீட்டுக்குள்ள இருக்குமே, அந்த வெளிச்சம்கூடக் கிடையாது. இங்க கோடரி மீன், கணவாய், விளக்கு மீன். விளக்கு மீன் விரல் நீளம்தான், உடம்பெல்லாம் புள்ளி புள்ளியா விளக்கு. பகல் முழுக்க இங்க கிடக்கும். இருட்டினதும் மேல ஏறும், மேஞ்சுட்டு விடியறதுக்குள்ள திரும்பி வந்துரும். தினமும் கோடி கோடியா ஏறி இறங்குது."

"நைட் ஷிஃப்ட்" என்றார் டீ கிளாஸோடு நின்ற டிரைவர் ஒருவர். "விடியறதுக்குள்ள டிப்போவுக்குத் திரும்பணும். சரியாத்தான் இருக்கு."

இருட்டு அடுக்கு ஆரம்பித்தது. வெயில் ஒரு துளிகூட எட்டாத இடம். அங்கே தூண்டில் மீன் தன் நெற்றியில் தானே விளக்கு ஏற்றி, அதைப் பார்த்து வருவதைப் பிடித்துத் தின்கிறது. நுரையீரலால் மூச்சு விடுகிற திமிங்கலம் ஒன்று, ஒரே மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஒரு கிலோமீட்டருக்கும் கீழே இந்த இருட்டுக்குள் இறங்கிக் கணவாய் பிடித்துவிட்டு, திரும்ப மேலே போய் மூச்சு விடுகிறது. நாத்தனார் சொல்லச் சொல்ல டெய்லரம்மா தன்னையறியாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அடியாழத்துக்கு வந்தார்கள். காதுபோல் இரண்டு துடுப்பை அசைத்துப் பறக்கிற ஆக்டோபஸ், நீண்ட மூன்று முட்களைச் சேற்றில் ஊன்றி முக்காலி போட்டு நிற்கிற மீன், மேலேயிருந்து விழுகிற துணுக்கைப் பொறுக்கித் தின்றுகொண்டு நகர்கிற கடல் அட்டை.

பள்ளம் வந்தது. நடந்துகொண்டே இருந்தார்கள். நாத்தனார் பாதியில் நின்று காலால் தரையைத் தட்டினாள்.

"நத்தை மீன். மனுஷங்க பாத்ததுலயே ரொம்ப ஆழத்துல இருக்கிற மீன் இது. மேல இருக்கிற தண்ணியோட பாரம் இங்க இரும்பையே நசுக்கிடும். இதுக்கு ஒரு செதில்கூடக் கிடையாது அண்ணி. கொழகொழன்னு, வெள்ளையா, பச்சைக் குழந்தை மாதிரி இருக்கும். அந்தப் பாரத்துக்குக் கீழ சாவகாசமா நீந்துது."

"இதுக்குக் கீழ?"

"மீன் கிடையாது. இன்னும் நூத்து முப்பத்தஞ்சு அங்குலம். இறால் பூச்சியும் கடல் அட்டையும்தான். அதுங்க கடைசித் தரை வரைக்கும் இருக்கு."

டெய்லரம்மா அந்தக் கடைசித் தரை வரைக்கும் நடந்தாள். சாக்கட்டிக் கோட்டில் நின்று திரும்பிப் பார்த்தாள். கூடத்தின் அந்தக் கோடியில், ஜன்னலுக்குக் கீழே, ஒரு சாண் இடைவெளியில் இரண்டு கோடு. அவ்வளவுதான். வெயில், நிறம், அவள் பெயர் சொல்லக்கூடிய அத்தனை மீன்களும் அதற்குள். மீதி நாற்பத்தைந்து அடியும் இருட்டு, அந்த இருட்டு முழுக்க உயிர். தன்னுடைய விளக்கைத் தானே ஏற்றிக்கொண்டு, யார் பார்க்கிறார்கள் என்ற கவலை இல்லாமல் வாழ்கிற உயிர். அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. இத்தனை நாள் கடல் தன் இடுப்பளவைக் குறைத்துச் சொல்கிறது என்று நினைத்திருந்தாள். அது உள்ளபடி சொல்லியிருக்கிறது.

"இந்தக் கறுப்பைப் போய்க் குறைச்சுட்டேனே" என்றாள்.

"நூறு அங்குலத்தையும் வெட்டிட்டீங்களா?" நாத்தனாரின் கேள்வியில் அழுகை எட்டிப் பார்த்தது. அதே கறுப்பு வேண்டுமென்றால் துணிக்காரர் பத்து நாள் கேட்பார்.

டெய்லரம்மா அவளை ஒரு மாதிரி பார்த்தாள். "வெட்டுறதா? நான் எந்தக் காலத்துல துணியை வெட்டியிருக்கேன்?"

அதுதான் அவளுடைய இன்னொரு பழக்கம். சீருடை தைக்கிற எந்தக் கையும் மிஞ்சின துணியில் கத்தரி வைக்காது. பிள்ளைகள் வளரும், அடுத்த வருஷம் பிரித்து இறக்க வேண்டி வரும் என்று உள்ளே மடித்துத் தைத்துவிடும். கடல் வளராது என்று டெய்லரம்மாவுக்குத் தெரியும். தெரிந்தும் கை கேட்கவில்லை. நூறு அங்குலப் பள்ளமும் கீழ் ஓரத்துக்குப் பின்னால் மடிப்பாகப் பத்திரமாக இருந்தது.

நாத்தனார் அண்ணியைக் கட்டிக்கொண்டாள். டிரைவர் அண்ணன், "சுறா, விடு, என் பொண்டாட்டி மூச்சு முட்டிப் போயிடுவா" என்றார்.

வழி சுலபம்தான். மேலே நூற்றுப்பத்து அங்குல நீலத்தைக் கழற்றிவிட்டுப் பத்து அங்குலத்தில் புதிதாக ஒன்று தைக்க வேண்டும். கீழே மடிப்பைப் பிரித்து இறக்க வேண்டும். நடுவில் உள்ளதெல்லாம் தானாக நூறு அங்குலம் மேலேறித் தன்தன் இடத்துக்குப் போய்விடும். இறால் பூச்சிகளை மட்டும் பிரித்துக் கடைசியில் வைக்க வேண்டும். சொல்ல ஒரு நிமிஷம். செய்ய மூன்றே நாள் இருந்தது.

அந்த மூன்று நாளும் கடை வாசலில் "இன்று இல்லை" என்று அட்டை தொங்கியது. ஆமையைச் சட்டைப் பித்தான் அளவுக்குச் சுருக்கினாள். மத்திக் கூட்டத்துக்கு ஆளுக்கொரு வெள்ளி இழை. டால்பின் முதுகு ஒரு நகக்கீற்று. அடைசலாக, ஒன்றின்மேல் ஒன்று இடித்துக்கொண்டு, திருவிழாக் கூட்டம்போல் அந்தப் பத்து அங்குலம் நிறைந்தது. பறக்கும் மீன் ஒன்றுக்கு இடமே கிடைக்கவில்லை. அதை அலைக்கு மேலே, துணியின் விளிம்பைத் தாண்டித் துள்ளவிட்டாள். வீட்டுக்காரர் ஷிஃப்ட் முடிந்து வந்து மடிப்பைப் பிரித்தார். பஸ் ஓட்டுகிற கை, ஆனாலும் ஒரு நூல் சேதமில்லை.

ஒரே ஒரு குறை நின்றுபோனது. மடிப்பு இருந்த இடத்தில் கறுப்புத் துணியின் குறுக்கே ஒரு வெளிறிய கோடு. ஆவி காட்டினாள், ஈரத் துணி போட்டுத் தேய்த்தாள். தலைகீழாக நின்றாலும் போகவில்லை.

வியாழக்கிழமை பத்து மணிக்குக் கடல் கூரையிலிருந்து இறங்கியது. அதைச் சுருட்டிப் பாதுகாப்பாகச் சுற்றிக்கொண்டு வந்த, முன்பு கழற்றிய நீலத் துணி படிக்கட்டின் அடியில் ஒரு மூலையில் கிடந்தது. காப்பாளர் மேல் மாடியில் டேப்போடு ஆரம்பித்தார். பத்து அங்குலம். குனிந்து பார்த்தார், மூக்கு ஆமைமேல் பட்டுவிடும்போல. "ம்" என்றார். நாற்பது. "ம்." தூண்டில் மீன் சரியாக எழுபத்தைந்தில் இருந்தது. திமிங்கலத்தை ஒருமுறை யாரும் பார்க்காதபோது தடவிக்கொடுத்தார். டெய்லரம்மா பார்த்துவிட்டாள். மாடி மாடியாக இறங்கினார்கள். நத்தை மீன் நானூற்றுப் பதினைந்து. அதிலிருந்து இன்னும் கொஞ்சம் இறங்கியதும் டேப் நின்றது.

"நானூத்தைம்பதுல ஒரு கோடு இருக்கே. இது என்ன?"

"துணி ஜாயிண்ட் சார்" என்றாள் நாத்தனார் சட்டென்று.

பொய். அண்ணிக்காகச் சொன்ன பொய். காப்பாளர் தலையாட்டிவிட்டு நகரப் பார்த்தார். அப்படியே விட்டிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். டெய்லரம்மாவால் விட முடியவில்லை. தனக்காக ஒருத்தி ஏற்கெனவே ஒரு வாக்குக் கொடுத்து மாட்டிக்கொண்டது போதும் என்று தோன்றியது.

"ஜாயிண்ட் இல்ல சார். மடிப்பு. தப்பாத் தைச்சு, பிரிச்சு இறக்கினது. உங்க ஆய்வாளர் அளவைச் சரியாத்தான் கொடுத்தாங்க. நான்தான் நம்பல. வெளிச்சத்துக்குப் பத்துதான்னு போட்டிருந்ததை நூத்திப்பத்தா ஆக்கிட்டேன்."

காப்பாளர் டேப்பைச் சுருட்டினார்.

"அந்த நூத்திப்பத்து இப்ப எங்க?"

மூலையில் கிடந்ததை நாத்தனார் எடுத்து விரித்தாள். ஆள் உயரத்தைத் தாண்டிய நீலம். கட்டம் கட்டமாக ஓடு வைத்த பெரிய ஆமை, மூச்சு விடுகிற திருக்கை. காப்பாளர் வெகுநேரம் அதைப் பார்த்தார். பிறகு அண்ணாந்து, மேலே எங்கோ கூரைக்கடியில் ஒரு கீற்றாகத் தெரிந்த பத்து அங்குலத்தைப் பார்த்தார்.

"இவங்க முதல்ல அந்தத் தாளைக் கொண்டு வந்தப்ப, நானும் பத்தைச் சிவப்புப் பென்சில்ல சுழிச்சு வச்சேன். எழுத்துப் பிழைன்னு. அன்னைக்குச் சாயங்காலம் ரெண்டு தடவை கணக்குப் போட்டுப் பாத்துட்டுத்தான் அழிச்சேன்." அவர் முகத்தில் முதல் தடவையாக ஒரு சிரிப்பு வந்தது. "பிரிண்ட் வேண்டாம். இது இருக்கட்டும். கோட்டைப் பத்தி யோசிக்காதீங்க, இருக்கட்டும். அந்த நீலத்தை வாசல்ல மாட்டணும். அதைப் பாத்துட்டு உள்ள வரட்டும் எல்லாரும்."

திறப்பு நாளில் டெய்லரம்மா தானே தைத்த கவுன் போட்டுக்கொண்டு வந்தாள். காப்பாளரும் அவள் தைத்த புதுக் கால்சட்டையில் இருந்தார். இடுப்பு முப்பத்திரண்டு என்று சொல்லியிருந்தார். டெய்லரம்மா நோட்டில் முப்பத்திரண்டு என்று எழுதிக்கொண்டு முப்பத்தாறு தைத்தாள். கடல் விஷயத்தில்தான் அவள் திருந்தியிருந்தாள்.

வாசலில் பெரிய நீலம். அதன் கீழே நாத்தனார் எழுதிய அட்டையில் மூன்றே சொல்: "நாம் நினைக்கும் கடல்". வந்தவர்கள் ஆமையைத் தடவினார்கள், பிள்ளைகளைத் தூக்கித் திருக்கையைக் காட்டினார்கள், சிரித்துப் பேசிக்கொண்டே படிக்கட்டுக்குள் நுழைந்தார்கள். "கடல்" என்று மட்டும் எழுதியிருந்த அட்டையைத் தாண்டி எட்டிப் பார்த்தார்கள். வெளிச்சம் எங்கே முடிகிறது என்று தேடினார்கள். பேச்சு நின்றது. ஒரு பெண் கைப்பிடிக்கு வெளியே கையை நீட்டி, கட்டைவிரலை அலையில் வைத்துச் சாண் பிடித்துப் பார்த்தாள். பிறகு குனிந்து, கீழே போய்க்கொண்டே இருந்த கறுப்பைப் பார்த்தாள். அதில் ஒவ்வொரு ஆழத்திலும் ஒரு சின்ன விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"யார் தைச்சது இதை?" என்று பக்கத்தில் நின்ற நாத்தனாரிடம் மெதுவாகக் கேட்டாள்.

"எங்க அண்ணி" என்றாள் நாத்தனார். "ரெண்டையும்."